தெரிவாகாத நிலபாவாடை

துணியின் பின்பக்கத்தில், மேல் விளிம்பை ஒட்டி, 4 அங்குல அகலத்தில் ஒரு குழற்பட்டி தைத்திருந்தேன். கண்காட்சிச் சுவரில் தொங்கவிடும் சலாகை அதனூடாகப் போகவேண்டும் என்பதற்காகக் கலைக் குயில்ட் கண்காட்சிகள் பெரும்பாலும் இந்த அளவையே கேட்கின்றன. விண்ணப்பத்தோடு அனுப்பவேண்டியவை புகைப்படங்கள் மட்டும்தான் என்பதால், அந்தப் பட்டியைத் தெரிவான பிறகு தைத்தாலும் போதும். நானோ விண்ணப்பத்தை அனுப்பிய அன்றிரவே அதைத் தைத்து முடித்துவிட்டேன். அந்த அவசரத்துக்குள் எவ்வளவு நம்பிக்கை இருந்தது என்பதை இப்போது நினைத்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. பதினொரு வாரங்கள் கழித்துப் பதில் வந்தது. பட்டிக்குள் எந்தச் சலாகையும் போகவில்லை.

குயில்ட் என்ற சொல் எங்களூரில் அதிகம் புழங்குவதில்லை. மேலே ஒரு துணி, நடுவே பஞ்சுப் படை, கீழே இன்னொரு துணி என அடுக்கி, மூன்றையும் ஊடுருவிச் செல்லும் தையலால் ஒன்றாக்குவதே குயில்ட். குளிர் நாடுகளில் அது போர்வை. யாழ்ப்பாணத்து வெக்கையில் அப்படியொன்றைப் போர்த்திக்கொண்டு படுப்பவர் யாருமில்லை; மார்கழிப் பனிக்குக்கூட எங்களுக்கு ஒரு பழஞ்சேலை போதும். ஆயினும் பழந்துணிகளை அடுக்கி நூலோட்டி ஒன்றாக்கும் வேலை எங்களுக்குப் புதிதன்று. கைக்குழந்தைக்கு விரிக்கும் துணியை அம்மம்மாவும் அம்மாவும் அப்படித்தான் தைத்தார்கள். மனையியல் ஆசிரியையாக 28 ஆண்டுகள் ஓட்டுத் தையலும் பின்தையலும் சங்கிலித் தையலும் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற பின்னர்தான், கட்டிலுக்கு அல்லாமல் சுவருக்கென்றே குயில்ட் செய்பவர்கள் உலகெங்கும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள் என்பதையும், அவர்களுக்கென்று நடுவர்கள் தெரிவுசெய்யும் கண்காட்சிகள் நடக்கின்றன என்பதையும் அறிந்துகொண்டேன்.

நான் அனுப்பியது ஒரேயொரு ஆக்கம். 7 அடி நீளம், இரண்டரை அடி அகலம், முழுவதும் வெள்ளை. ‘நிலபாவாடை’ என்று பெயர் வைத்திருந்தேன். இளையவர்களுக்கு இந்தச் சொல் தெரிந்திருக்காது. கல்யாண வீட்டில் மணமக்கள் நடந்து வரும் வழியிலும், செத்தவீட்டில் ஊர்வலம் புறப்படும் வழியிலும், நிலத்தில் விரிக்கப்படும் வெள்ளைத் துணியே நிலபாவாடை. பந்தலுக்கு வெள்ளை கட்டுவதும் நிலபாவாடை விரிப்பதும் சலவைத் தொழிலாளர் குடும்பங்களின் வேலையாக இருந்தன. யாருக்கு விரிக்கலாம், யாருக்கு விரிக்கக் கூடாது என்பதில் எங்கள் ஊர்கள் காட்டிய கொடுமையும் அந்த வெள்ளைத் துணியோடு சேர்ந்ததே. சிறுவயதில் பார்த்த அந்தக் காட்சி, அதிலும் ஆட்கள் நடந்து போனபின் துணியில் எஞ்சிக் கிடந்த செம்மண் சுவடுகள், நெடுங்காலமாக என் மனத்தில் இருந்தன.

அப்பாவின் வேட்டிகள் நான்கு, அப்பப்பாவின் வேட்டிகள் இரண்டு, பெரியம்மாவின் வெள்ளைச் சேலைகள் இரண்டு ஆகியவற்றை வெட்டி மேற்துணியை இணைத்தேன். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு நாவற்குழிப் பாலத்தைக் கடந்து சாவகச்சேரிக்குப் போனபோது, அந்த வேட்டிகளில் ஒன்றில்தான் சோற்றுப் பானையையும் அகப்பையையும் மூட்டையாகக் கட்டியிருந்தோம். ஆனாலும் போரைப் பற்றிய ஆக்கமாக நான் அதைச் செய்யவில்லை. என் மனத்தில் இருந்தது சுவடுகள் மட்டுமே. வெள்ளைத் துணியில் வெள்ளை நூலால், அங்குலத்துக்கு எட்டுத் தையல் வீதம், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்து போகும் பாதங்களைச் சுற்றி நூலோட்டினேன். பாதத்தைச் சுற்றியுள்ள இடத்தை நெருக்கமாகத் தைத்து அமர்த்திவிட்டால், தையல் படாத பாதம் பஞ்சோடு மெல்ல மேலெழும். மணலில் குழியாகப் பதியும் சுவடு என் துணியில் மேடாக வந்தது. கையால் தடவினால் தெரியும், சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தாலும் தெரியும். பதினான்கு மாதங்கள் எடுத்தன. அதில் இரண்டு மாதம் கண்ணுக்குச் சத்திரசிகிச்சை செய்துவிட்டு ஊசியைத் தொடாமல் இருந்தேன் என்பதையும் சொல்லவேண்டும்.

பதில் வந்தது நல்லூர்த் திருவிழாவின் ஏழாம் நாள். வீடு நிறைய வெளிநாட்டுச் சொந்தங்கள். ரொறன்ரோவிலிருந்து வந்திருந்த தங்கச்சிதான் தன் கடனட்டையில் நுழைவுக் கட்டணம் 40 டொலரைக் கட்டியிருந்தாள். எங்கள் காசில் ஏறத்தாழ 12,000 ரூபா. மின்னஞ்சலில் ஆறு வரிகள் இருந்தன. விண்ணப்பித்தமைக்கு நன்றி சொல்லி, இடம் மிகக் குறைவு என்று வருந்தி, தெரிவாகாமை ஆக்கத்தின் தரத்தைக் குறிப்பதாகாது என்று தேற்றி, அடுத்த முறையும் விண்ணப்பிக்கும்படி அழைத்திருந்தார்கள். அடுப்பில் இருந்த பருப்பு அடிப்பிடிக்கும் வரை அதையே திரும்பத் திரும்ப வாசித்தேன்.

“அக்கா, மெயில் வந்திட்டுதோ?”

“வந்திட்டுது. இல்லையாம்.”

“சரி விடுங்கோ. அந்தக் காசைப் பற்றி யோசியாதேங்கோ.”

அவள் அன்பாகத்தான் சொன்னாள். ஆனால் அந்தக் கணம்வரை காசைப் பற்றி நான் யோசித்திருக்கவே இல்லை. அன்று மாலை கோயிலுக்குப் போகும்போது, வீட்டில் இருந்த பதினொரு பேருக்கும் விடயம் தெரிந்திருந்தது. ஒவ்வொருவரும் ஆளுக்கொரு ஆறுதலைச் சொல்லியபடி வந்தார்கள். மறுப்பைவிட ஆறுதல்களைத் தாங்குவதுதான் எனக்குச் சிரமமாக இருந்தது.

காரணம் சொல்லப்படாத மறுப்புக்கு ஒரு குணம் உண்டு. அது விட்டுச்செல்லும் வெற்றிடத்தை நிரப்ப மனம் ஒரு நாள்கூடப் பொறுப்பதில்லை. முதல் நாள் எனக்கு அகப்பட்ட காரணம், அவர்களுக்கு எங்கள் வழக்கம் விளங்கவில்லை என்பது. நூறு சொற்களுக்குள் எழுதவேண்டிய குறிப்பில் நிலபாவாடையையும் வெள்ளை கட்டுதலையும் யாரால் விளக்கமுடியும்? இரண்டாம் நாள், யாழ்ப்பாணத்துக்காரி அனுப்பிய துணி என்றால் குண்டையும் குருதியையும் எதிர்பார்த்திருப்பார்கள், வெறும் வெள்ளையைக் கண்டு ஏமாந்திருப்பார்கள் என்று தோன்றியது; அப்படி நினைத்தபோது எனக்குள் ஒரு வீறாப்பும் வந்தது. மூன்றாம் நாள் அதற்கு நேர்மாறாக, குறிப்பின் கடைசி வரியில் இடப்பெயர்வு என்ற சொல்லைச் சேர்த்ததனால் இரக்கம் தேடுகிறாள் என்று எண்ணியிருப்பார்களோ என்று கூசினேன். ஒரே மின்னஞ்சலிலிருந்து ஒன்றுக்கொன்று முரணான மூன்று காரணங்களை நான் உருவி எடுத்திருக்கிறேன் என்பது நான்காம் நாள்தான் உறைத்தது. விதிமுறைகளை மறுபடி திறந்து பார்த்தேன். ஆக்கத்தைச் செய்தவரின் பெயரோ நாடோ நடுவர்களுக்குக் காட்டப்படமாட்டாது என்றும், விளக்கக் குறிப்பு முதற்சுற்றில் கொடுக்கப்படமாட்டாது என்றும் அதில் தெளிவாக எழுதியிருந்தது. நான் முன்பே வாசித்த விதிகள்தான் அவை. மூன்று நாட்களாக நான் கோபித்துக்கொண்டிருந்த அந்த நடுவர்களுக்கு, நான் யாழ்ப்பாணத்துக்காரி என்பதே தெரிந்திருக்க வழியில்லை.

தங்கச்சியின் மகன், என் பெறாமகன், நன்றாக வாசிக்கிற பிள்ளை. அவன் 1863 ஆம் ஆண்டில் பாரிசில் நடந்த கதையை எடுத்துவந்தான். அரச கண்காட்சியின் நடுவர்கள் ஆயிரக்கணக்கான ஓவியங்களைத் தள்ளிவிட, கூச்சல் எழும்ப, மூன்றாம் நெப்போலியன் தள்ளப்பட்டவற்றுக்கென்றே தனியாக ஒரு கண்காட்சி வைக்க அனுமதித்தானாம். அதில்தான் மனேயும் விஸ்லரும் இருந்தார்களாம். “பாருங்கோ பெரியம்மா, இப்ப உலகத்துக்கு ஆரைத் தெரியும்? அந்த நடுவர்மாரையோ, மனேயையோ?” என்று கேட்டான். அவன் முகத்துக்காகச் சிரித்தேனே தவிர, அந்தக் கதை என்னைத் தேற்றவில்லை. தள்ளப்பட்டவர்களில் எங்களுக்குப் பெயர் தெரிவது விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரை மட்டும்தான். மற்ற நூற்றுக்கணக்கானவர்களும் அடுத்த நாள் காலை எழுந்து தூரிகையைக் கையில் எடுத்தார்களா இல்லையா என்பதே நான் அறிய விரும்பியது. அதை அந்தக் கதை சொல்வதில்லை.

எனக்கு உதவியது, நான் நுழைய விரும்பிய அந்தத் துறையின் சொந்தக் கதைதான். 1971 இல் நியூ யோர்க்கின் விற்னி அருங்காட்சியகத்தில் ஜொனதன் ஹோல்ஸ்ரீனும் கேல் வான் டெர் ஹூஃபும் தாங்கள் சேகரித்த பழைய அமெரிக்கக் குயில்ட்டுகளை ஓவியங்களைப் போலச் சுவரில் தொங்கவிட்டார்கள். கட்டிலில் கிடந்த பொருள் சுவருக்கு ஏறியது. அதன் பின்னரும், சுவருக்கென்றே புதிதாகக் குயில்ட் செய்யத் தொடங்கியவர்களின் நிலை இரண்டுங்கெட்டானாகவே இருந்தது. குயில்ட் கண்காட்சிகள், மரபான வடிவம் இல்லை என்று அவர்களைத் திருப்பி அனுப்பின. ஓவியக் கண்காட்சிகளோ துணி வேலை கைப்பணி என்று ஒதுக்கின. அவர்களில் சிலர், நான்சி குரோ முதலானோர், 1979 இல் ஒஹாயோ மாநிலத்து ஏதென்ஸ் நகரில், இடிக்கப்படவிருந்து காப்பாற்றப்பட்ட ஒரு பழைய பால்பண்ணைக் கொட்டிலில் ‘குயில்ட் நஷனல்’ என்ற கண்காட்சியைத் தொடங்கினார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இன்றும் அது நடக்கிறது. போக இடமில்லாதவர்கள் ஒரு மாட்டுக் கொட்டிலில் ஆரம்பித்த அந்தக் கண்காட்சியில் இன்று 80 சொச்சம் ஆக்கங்களுக்கே இடம். அனுப்பப்படுபவற்றில் மிகப் பெரும்பாலானவை திரும்பிப்போகின்றன. நான் விண்ணப்பித்தது அதற்கு அன்று, வேறொன்றுக்கு. ஆனாலும் தள்ளப்பட்டவர்கள் கட்டிய வாசலிலும் தள்ளுவதற்கு ஒருவர் நின்றாக வேண்டியிருக்கிறது என்பதை வாசித்தபோது, எனக்குச் சற்றுக் கோபம் தணிந்தது.

அமெரிக்க ஓவியர் பெயித் றிங்கோல்டின் கதையும் எனக்குப் பிடித்தமானது. அவருடைய தாய் ஒரு தையற்கலைஞர். முதற் குயில்டைத் தாயும் மகளும் 1980 இல் சேர்ந்தே செய்தார்கள். தன் வாழ்க்கை வரலாற்றை வெளியிட ஒரு பதிப்பாளரும் கிடைக்காதபோது, றிங்கோல்ட் தன் கதைகளைக் குயில்ட் துணியிலேயே எழுதத் தொடங்கினார். துணி தொங்கும் இடத்துக்கு வருபவர்கள் கதையையும் வாசித்துவிட்டுப் போவார்கள் அல்லவா? இதில் எனக்குப் பிடித்தது அவருடைய புகழன்று, அந்தச் சாமர்த்தியந்தான்.

இவ்வளவும் வாசித்த பிறகு, ஒரு நாள் பின்னேரம் தேநீர் குடித்துக்கொண்டிருக்கையில், நானும் ஒரு காலத்தில் நடுவராக இருந்தவள் என்பது நினைவுக்கு வந்தது. பாடசாலைக் கைப்பணிக் கண்காட்சிகளுக்கு மாணவிகளின் வேலைகளைத் தெரிவுசெய்வது ஆண்டுதோறும் என் பொறுப்பாக இருந்தது. மண்டபத்தில் எங்களுக்குக் கிடைப்பது ஆறடி மேசைகள் இரண்டு. வந்து குவிவதோ நூற்றுக்கு மேல். தலையணையுறைகள், மேசைவிரிப்புகள், பனையோலைப் பெட்டிகள், கம்பளிப் பூக்கள். ஒவ்வொன்றையும் கையிலெடுத்துத் திருப்பிப் பார்க்க எனக்கு இருந்தது அரை நிமிடத்துக்கும் குறைவு. ஒரே மாதிரியான மூன்று தலையணையுறைகள் இருந்தால் ஒன்றை எடுப்பேன். அது மற்ற இரண்டையும்விடச் சிறந்தது என்பதால் அன்று, அதன் நீலம் பக்கத்தில் இருந்த பெட்டியோடு பொருந்தியது என்பதால். மற்றவை மேசைக்குக் கீழே இருந்த காட்போட் பெட்டிக்குள் போகும். ஒரு பிள்ளை கண்காட்சி நாளன்று தாயையும் கூட்டிக்கொண்டு வந்து, தன் உறையை இரண்டு மேசைகளிலும் தேடிவிட்டு என்னைப் பார்த்தாள். “இடம் காணாமப் போச்சுப் பிள்ளை” என்றேன். அது முழு உண்மை. அவள் அதை நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. எனக்கு வந்த மின்னஞ்சலின் இரண்டாவது வரியில் இருந்ததும் அதே வாக்கியம்தான். நானும் அதை நம்பியிருக்கவில்லை.

அதன் பிறகுதான் நடுவர்கள் உண்மையில் எதைப் பார்த்தார்கள் என்று யோசித்தேன். அவர்கள் என் துணியைத் தொடவில்லை. இரண்டு படங்களைப் பார்த்தார்கள்: முழுத் துணியின் படம் ஒன்று, ஒரு பகுதியின் அண்மைப் படம் ஒன்று. முழுப் படத்தின் நீளப் பக்கம் 2,000 புள்ளிகள் (பிக்சல்). துணியின் நீளம் 84 அங்குலம். வகுத்துப் பார்த்தால் ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 24 புள்ளிகள் வருகின்றன. அங்குலத்துக்கு எட்டுத் தையல் என்றால் ஒரு தையலுக்கும் அதன் இடைவெளிக்குமாகச் சேர்த்து வெறும் மூன்று புள்ளிகள். அதுவும் வெள்ளையில் வெள்ளை. பதினான்கு மாத வேலை, மூன்று புள்ளிகளுக்குள் கரைந்து போயிருந்தது. போதாக்குறைக்கு, நீளமாகவும் ஒடுக்கமாகவும் இருந்த என் துணி திரையில் ஒரு கீற்றுப்போல நடுவில் நிற்க, இருபுறமும் வெறுமையான பின்னணிதான் பெரிதாகத் தெரிந்தது. அண்மைப் படத்தை நான் எடுத்தது நண்பகலில், விறாந்தையில், கைத்தொலைபேசியால். வெளிச்சம் நேரே முன்னாலிருந்து விழும்போது மேடும் பள்ளமும் ஒன்றாகிவிடும். தையலின் நிழல் விழ வேண்டுமென்றால் வெளிச்சம் பக்கவாட்டில் சாய்ந்து வரவேண்டும். எங்கள் முற்றத்தில் காலை ஆறரைக்கும் ஏழுக்கும் இடையில் அப்படியொரு வெளிச்சம் கிழக்குச் சுவரைத் தாண்டி வருகிறது. நடுவர்களிடம் நான் அனுப்பியது ஒரு வெள்ளைத் துண்டின் படம். வெள்ளைத் துண்டு ஒன்றை அவர்கள் தெரிவுசெய்யவில்லை.

இந்தக் கணக்கு எனக்கு ஆறுதல் தந்தது என்றுதான் சொல்லவேண்டும். பிழை படத்தில், துணியில் அன்று. அந்த ஆறுதலோடு நான் நின்றிருப்பேன். அடுத்த முறை முக்காலியும் நல்ல கமெராவும் இரவல் வாங்கி, காலை வெளிச்சத்தில் படம் எடுத்து, வேறொரு கண்காட்சிக்கு அனுப்பியுமிருப்பேன். அம்மா விடவில்லை.

எங்களூரில் செத்தவீடு நடந்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை, அதுவரை துடக்கு, அதாவது தீட்டு. என் துணிக்கும் நான் அப்படியொரு துடக்குக் காத்தேன் என்றால் சிரிப்பீர்கள். திட்டமிட்டுச் செய்யவில்லை. மின்னஞ்சல் வந்த அன்று மடித்து அலுமாரியின் அடித்தட்டில் வைத்ததைப் பின்னர் எண்ணிப் பார்த்தபோது, முப்பத்துமூன்று நாட்கள் தொடாமலேயே இருந்திருக்கிறேன். திருவிழா முடிந்து, வந்தவர்கள் எல்லாரும் பலாலியாலும் கொழும்பாலும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அம்மாவுக்கு 86 வயது. விளக்குத்திரி திரிக்கப் பழைய வெள்ளைத்துணி தேடியவர், அதை இழுத்தெடுத்துக்கொண்டு விறாந்தைக்கு வந்துவிட்டார்.

பதறிப்போய் ஓடினேன். அவர் கத்தரிக்கோலை எடுத்திருக்கவில்லை. துணியை மடியில் போட்டு விளிம்புகளைத் தடவிக்கொண்டிருந்தார். பாதச் சுவடுகளை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை.

“இது அப்பான்ர வேட்டியெல்லே?”

“ஓம் அம்மா.”

“குறி எங்க, பிள்ளை?”

“என்ன குறி?”

“கட்டாடியார் போட்ட குறி. தலைப்பில இருந்திருக்குமே.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. துணி வெளுப்பவர்கள் எந்தத் துணி எந்த வீட்டுக்குரியது என்று அடையாளம் காண்பதற்காக, மூலையில் சேங்கொட்டைச் சாற்றால் ஒரு சிறு குறி இடுவார்கள். எத்தனை முறை வெளுத்தாலும் போகாத கறுப்பு அது. இரண்டு கோடு, ஒரு புள்ளி, ஒரு கவடு என்று வீட்டுக்கு வீடு வேறுபடும். அந்த வேட்டிகளை வெட்டத் தொடங்கியபோது மூலைகளில் இருந்த அந்தக் கறுப்புக் கீறல்களை நானும் கண்டேன். கறை என்று நினைத்து, முழு வெள்ளையாக வரவேண்டும் என்பதற்காக, ஒவ்வொன்றையும் கவனமாக வெட்டி அகற்றியிருந்தேன்.

“கறையெண்டு வெட்டிப்போட்டன் அம்மா.”

“கறையோ!” என்றார். அந்த ஒரு சொல்லில் இருந்த வியப்பை எந்த நடுவராலும் எனக்கு எழுதி அனுப்பியிருக்க முடியாது.

பின்னர் அவர் சொன்னவை, நிலபாவாடையைப் பற்றி எனக்கு ஏதோ தெரியும் என்ற எண்ணத்தைக் குலைத்தன. கல்யாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் விரித்தவையும் கட்டியவையும் வெளுக்க வந்திருந்த ஊராரின் வேட்டி சேலைகளே என்றார். அப்பப்பாவின் வேட்டி யாருடைய கல்யாணத்துக்கோ நிலத்தில் கிடந்திருக்கும். யாருடைய சேலையோ எங்கள் வீட்டுப் பந்தலில் தொங்கியிருக்கும். எல்லாம் முடிந்து, மறுபடி வெளுத்து, மடித்து, எது எந்த வீட்டுக்குப் போகவேண்டும் என்பதைச் சொன்னது அந்தக் குறிதான். நிலபாவாடை என்று பெயர் சூட்டி 7 அடித் துணி ஒன்றைச் செய்த நான், அதன்மேல் நடந்து போனவர்களின் பாதங்களைப் பதினான்கு மாதங்கள் தைத்திருக்கிறேன். அதை வெளுத்து விரித்தவர்களின் கை அந்தத் துணியில் விட்டிருந்த ஒரேயொரு அடையாளத்தைக் கத்தரிக்கோலால் எடுத்துவிட்டிருக்கிறேன்.

நடுவர்கள் செய்தது சரி என்று இதனால் ஆகிவிடாது. அவர்கள் பார்த்த படத்தில் இந்தக் குறை தெரிந்திருக்கவும் முடியாது. குறிகளோடு அனுப்பியிருந்தாலும் தெரிவாகாமல் போயிருக்கலாம். ஆனால் தெரிவாகியிருந்தால் அந்தத் துணி சுருட்டப்பட்டு, குழாய்க்குள் அடைக்கப்பட்டு, இப்போது ஏதோ ஒரு நாட்டுச் சுவரில் தொங்கிக்கொண்டிருக்கும். விளக்குத்திரிக்குத் துணி தேடிய அம்மாவின் கைக்கு அது அகப்பட்டிருக்காது. இதை நன்றியாகச் சொல்லவில்லை. இன்னமும் அந்தக் கண்காட்சியின் தெரிவுப் பட்டியலைத் திறந்து பார்ப்பதில்லை என்ற வைராக்கியத்தோடுதான் இருக்கிறேன்.

எங்கள் வீடு எதையும் எறியாத வீடு. பொருளாதாரத் தடைக் காலத்தில் பழஞ்சேலையிலிருந்து இழை உருவித் தையலுக்கு வைத்துக்கொண்ட பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை. ஆகவே வெட்டிய துண்டுகள் எல்லாம் ஒரு பிஸ்கற் தகரப் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தன. குறி உள்ள துண்டுகள் பதினொன்று. பெரியது தீப்பெட்டி அளவு, சிறியது நகத்தளவு. எங்கே வைப்பது என்று இன்னும் முடிவாகவில்லை. கர்நாடகத்தின் சித்திப் பெண்கள் (சித்தி என்பது இங்கே உறவுமுறையன்று, ஆபிரிக்க வழிவந்த ஒரு சமூகத்தின் பெயர்) செய்யும் கவந்தி என்னும் குயில்டில், விளிம்பில் தொடங்கி உள்நோக்கித் தைத்துக்கொண்டு போய், நான்கு மூலைகளிலும் சிறு முக்கோணத் துண்டுகளைப் பூவென்று வைப்பார்கள். பூ இல்லாத கவந்தி அவர்களுக்கு முடிந்த வேலையன்று. மூலையில் வைக்கலாம் என்று அதைப் பார்த்துத்தான் முதலில் நினைத்தேன். பிறகு தயங்கினேன். குறியை அலங்காரமாக்கிவிட்டால், அதைக் கறையென்று வெட்டியதற்கும் அழகென்று ஒட்டுவதற்கும் அதிக வேறுபாடு இராது. இப்போதைக்கு, ஒவ்வொரு குறியும் எந்த வேட்டியிலிருந்து வந்ததோ அந்த வேட்டித் துண்டின் ஓரத்திலேயே, மடிப்புக்குள் பாதி மறைந்தபடி, திரும்ப இணைப்பது என்று வைத்திருக்கிறேன். அதற்காக மேல் விளிம்புத் தையலைப் பிரிக்கவேண்டியிருந்தது. குழற்பட்டியும் அதோடு கழன்று வந்தது.

தினமும் பின்னேரம் அம்மா எனக்குப் பக்கத்தில் வந்து அமர்ந்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, துண்டுகளை ஒவ்வொன்றாகக் கண்ணுக்கு அருகே பிடித்து வாசிக்கிறார். இரண்டு கோடும் புள்ளியும் எங்கள் வீடு. கவடு அப்பப்பா வீடு. பெரியம்மா கல்யாணமாகிப் போன வீட்டுக்கு மூன்று புள்ளி. இப்படிப் பத்துத் துண்டுகளுக்கு வீடு சொல்லிவிட்டார். பதினோராவதை மட்டும் நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அது அப்பாவின் நான்கு வேட்டிகளில் ஒன்றிலிருந்து வெட்டியது என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

“இது எங்கட குறியில்லை. ஆரோ வீட்டு வேட்டி மாறி வந்திருக்கு” என்றார். பிறகு, “அப்பா இதைத்தான் கோயிலுக்கு உடுத்துறவர்” என்றார்.